குறுக்கே ஆயிரம் மீட்டர்

நவமணி ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவள். குடியிருப்பது பழைய ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில். தோட்டம் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. மூலைக்கு மூலை ஓடிய குறுக்குப் பாதை மட்டும் மிச்சம் இருந்தது. அதில் நடந்துதான் சிம்பாங் சந்தியில் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். போன மாதம் வீடு கட்டுகிற கம்பெனிக்காரன் சுற்றித் தகர வேலி அடித்துவிட்டான். இனி ரோட்டோடு போய், முனையில் திரும்பி, மறுபடி ரோட்டோடு போகவேண்டும். முழங்கால் ஏற்கெனவே கெஞ்சுகிறது. பாவி மனுஷர்கள், ஓர் ஆள் நுழைகிற கதவு வைத்தால் குடியா முழுகிவிடும்?

அதைத்தான் வேலியடியில் நின்ற சூப்பர்வைசர் கனகராஜிடம் கேட்டாள்.

"ரொம்ப தூரம்னு மொட்டையா சொன்னா பாஸ் கேட்க மாட்டாருக்கா. எத்தனை மீட்டர் கூடுதல்னு கணக்கா கொண்டாங்க, பேசிப் பார்க்கலாம்" என்றான். அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

மகள் தினேஸ்வரி பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறாள். போனைப் பிடித்துக்கொண்டு ரோட்டை நடந்தே அளந்தாள். முனைவரை அறுநூறு மீட்டர், திரும்பினால் சிம்பாங்வரை எண்ணூறு. பாதை வேலிக்குள் கிடக்கிறது, அளக்க வழியில்லை.

"அத எக்ஸ்னு வச்சுக்கம்மா. முனை நேர் மூலை, தொண்ணூறு டிகிரி. அறுநூற அறுநூறால பெருக்கு, எண்ணூற எண்ணூறால பெருக்கு, ரெண்டையும் கூட்டு. எக்ஸ எக்ஸால பெருக்கினா அதுதான் வரணும்."

பத்து லட்சம் வந்தது.

"அப்ப எக்ஸ் ஆயிரம். மைனஸ் ஆயிரமும் வரும்."

"மைனஸா? அது என்னடி தூரம்?"

"அப்படி ஒரு பாதையே கிடையாதும்மா. அடிச்சிடணும்."

தாளில் மைனஸ் ஆயிரத்தைத் தினேஸ்வரியே கோடு போட்டு அடித்தாள். ரோட்டில் ஆயிரத்து நானூறு, பாதையில் ஆயிரம். கூடுதல் நானூறு.

மறுநாள் அதைக் கேட்டதும் கனகராஜ் சிரித்துவிட்டான். "அட, நானூறு மீட்டர்தானாக்கா? பாசார்ல காய்கறி வாங்க ஒரு சுத்து சுத்தினாலே வந்திடும்லா. இதுக்குப் போயி கதவா? பாஸ் என்னைத்தான் ஏசுவாரு."

நவமணி வேலியோரமாகத் திரும்பி நடந்தாள். ரொம்ப தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அவள் பக்கம் ஏதோ நியாயம் இருந்தது. கணக்கு சரியாக வந்து அதைக் கெடுத்தது. நாள் முழுக்க நின்ற காலுக்கு நானூறு எவ்வளவு என்று எந்தக் கணக்கில் போடுவது?

வீட்டில் தினேஸ்வரி ஓடி வந்தாள். "கதவு வைக்கிறாங்களாம்மா?"

நவமணி அலாரத்தை இன்னும் சீக்கிரமாக அடிக்கும்படி வைத்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. பிறகு மகளின் தாளை இழுத்து, மிச்சமிருந்த ஆயிரத்தின்மேலும் ஒரு கோடு போட்டாள்.

"இதையும் அடிச்சாச்சுடி. இப்ப இந்தப் பாதையும் கிடையாது."