கோலுக்குக் கோழி, பிடித்தால் முட்டை

என் அப்பாவின் கையில் எப்போதும் புளித்த ரப்பர் பால் வாடை அடிக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்த வாடை அவர் பிடித்த பந்திலும் ஏறிக்கொள்ளும். எதிரணிக்காரர்கள் பந்தைத் தலையால் முட்டிவிட்டு முகம் சுளிப்பதை, திடலோரத்து ஜம்பு மரத்துக்குப் பின்னால் நின்று நான் பார்த்திருக்கிறேன். மரத்துக்குப் பின்னால் ஏன் என்றால், கூட்டத்தில் நிற்க எனக்கு வெட்கம். அப்பாவுக்கும் அதே வெட்கம்தான். அதனால்தான் அவர் கால்பந்துக் குழுவில் கோல் கீப்பர் ஆனார் என்று அம்மா சொல்வார். "எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிருவாங்க, இவரு நிம்மதியா தனியா நிப்பாருலா."

புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்தோம். நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம் நாட்டுக் கால்பந்து லீக் முழுக்கத் தொழில்முறை ஆனது. அதுவரை மாநிலக் குழுக்களில் ஆடியவர்கள் பலர், பகலில் ஏதாவதோர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பூட்ஸ் மாட்டியவர்கள். இனி அவர்களுக்குப் பந்துதான் வேலை, அதற்கே சம்பளம் என்று பத்திரிகையில் செய்தி வந்தபோது, பால் நிறுக்கும் கொட்டகையில் அன்றைக்கு யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை. எங்கள் மாநிலக் குழுவுக்கு அலோர் ஸ்டாரில் ஆட்டம் என்றால் லாரி பிடித்துப் போய்க் கத்தித் தொண்டை கட்டித் திரும்பி வருகிறவர்கள் ஆயிற்றே எங்கள் ஆட்கள்!

"பந்து ஒதைக்கச் சம்பளமா? அப்ப நாம மட்டும் என்னா சும்மாவா ஒதைக்கிறது?" என்று கேட்டவர் வேலு சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்கள் குழுவில் "பெக்", அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்.

முத்தையா மண்டோர் யோசித்தார். தோட்டத்தில் எங்கள் வேலையை மேற்பார்வை பார்த்தவர் அவர்; குழுவின் மானேஜரும் அவரே. தோட்டத்திலேயே அதிகக் கோழி வளர்த்தவரும் அவர்தான். மறுநாள் காலைப் "பெரட்டில்", ஆட்களை எண்ணி முடித்த கையோடு அறிவித்தார்: "இன்னையிலேருந்து நாமளும் தொழில்முறைதான். ஒரு கோலுக்கு ஒரு கோழி."

தொழில்முறை லீக்கில் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் என்பது பத்திரிகையில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்குச் சம்பளம் என்றால் ஒரே அர்த்தம்தான்: பாலைக் கொண்டுவந்து ஊற்று, எடைக்குத் தக்கபடி வாங்கிக்கொள். தடுத்து நிறுத்திய பந்தை எந்தத் தராசில் வைப்பது?

விளைவு அடுத்த ஆட்டத்திலேயே தெரிந்தது. பத்துப் பேரும் எதிரணிக் கோலின் முன்னால் கூடாரம் அடித்தார்கள். சொந்தக் குழுக்காரனின் காலிலிருந்தே பந்தைப் பறித்தார்கள். வேலு சித்தப்பா ஆட்டம் முழுக்கத் திடலில் எங்கள் பக்கத்துப் பாதிக்குத் திரும்பவே இல்லை. அப்பா மட்டும் தனியாக நின்று, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தார். அன்று இரவு சித்தப்பா வீட்டில் கோழிக் குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் கருவாடு.

அம்மா நேராக மண்டோர் வீட்டு வாசலுக்குப் போனார். "ஏன் மண்டோரண்ணே, அடிக்கிறவனுக்குக் கோழி, புடிக்கிறவருக்கு ஒன்னுமில்லையா? அவரு கை என்னா ஓசிக் கையா?"

மண்டோர் அதற்கும் தோட்டத்து முறைப்படியே தீர்ப்புச் சொன்னார். கீப்பர் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முட்டை. ஆனால் பந்து கையில் நிற்க வேண்டும். குத்தித் தள்ளினால் கிடையாது. "கொட்டகைக்கு வந்து சேர்ற பாலுக்குத்தாம்மா கணக்கு. வழியில சிந்துனதுக்கு யாரு குடுப்பா?"

அதன்பின் அப்பா ஆளே மாறிப்போனார். தடுப்பதற்கு ஆளில்லாத கோலில் பந்து மழையாகப் பொழிய, முட்டைகள் சேர்ந்தன. வாழ்நாளில் யாரிடமும் குரலுயர்த்திப் பேசாத மனிதர், எதிரணியைப் பார்த்து, "அடிங்க தம்பி, நல்லா தூக்கி அடிங்க" என்று அழைப்பு விடுத்ததை என் காதால் கேட்டேன். நாங்கள் முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், முட்டை தடவிய ரொட்டி என்று தின்று தீர்த்தோம். தொல்லை என்னவென்றால், குத்தித் தள்ள வேண்டிய பந்தையும் அவர் அணைத்துப் பிடிக்கப் போனார். அது நழுவிக் கோலுக்குள் விழுந்தது. வரிசையாகத் தோற்றோம்.

கடைசியில் மண்டோர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "சுப்பையா, திகாம் பத்து ஊர்க்காரனுங்க கூட ஆடற ஆட்டமும் போச்சுன்னா, நான் வேற கீப்பர் பாத்துக்கிறேன்."

அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கோலை விட்டால் அவருக்கு நிற்க வேறு இடம் கிடையாது என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஆட்டத்தன்று அம்மா முதன்முறையாகத் திடலுக்கு வந்தார், இடுப்பில் முட்டை வாங்கப் பிளாஸ்டிக் வாளியோடு. முடியும் நேரத்தில் நாங்கள் ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். அப்போதும் இன்னொரு கோழிக்காக முன்னால் சுற்றிக்கொண்டிருந்த வேலு சித்தப்பா, எதிரணி ஆள் பந்தோடு எங்கள் கோலை நெருங்குவதைக் கண்டு, திடல் முழுக்க ஓடிவந்து, அதே வேகத்தில் அவன் காலை வாரிவிட்டார். பெனால்டி.

திகாம் பத்து ஆட்டக்காரர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனார். அப்பா இரண்டு கைகளையும் குழந்தையை வாங்குவதுபோல விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பிடிக்கத்தான் போகிறார் என்று திடலுக்கே தெரிந்தது.

"ஏங்க! முட்டை வேணாங்க! குத்தித் தள்ளுங்க!"

அம்மாவின் குரல். அப்பாவின் விரல்கள் மடங்கியதை நான் பார்த்தேன். ஏனென்றால் அப்போது நான் மரத்துக்குப் பின்னால் இல்லை, எப்படியோ கோட்டருகே வந்திருந்தேன். பந்து நெஞ்சுயரத்தில் சீறி வந்தது. அப்பா குத்தினார். அது எங்கள் பள்ளிக்கூடக் கூரைமேல் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

எல்லாரும் அப்பாவைத் தூக்கினார்கள். "எறக்கி வுடுங்கடா, எறக்கி வுடுங்கடா" என்று அவர் வெட்கத்தில் நெளிந்தார். மண்டோர் முட்டை அட்டையோடு வந்து நின்று, "சட்டம் சட்டந்தாம்மா. கடைசிப் பந்துக்கு முட்டை கெடையாது" என்றார்.

"நீங்களே வச்சிக்கிங்கண்ணே" என்றார் அம்மா. "அடை வச்சிப் பாருங்க, ஒரு கீப்பர் பொரிச்சு வரும்."

இப்போது அந்தத் திடல் ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. பெரட்டும் இல்லை, கொட்டகையும் இல்லை. அம்மாவும் அப்பாவும் சுங்கைப்பட்டாணியில் எங்களோடு இருக்கிறார்கள். அப்பாவின் கையில் இப்போது தைல வாடைதான். சனிக்கிழமை லீக் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். உயர்ந்து வரும் பந்தைக் கீப்பர் குத்தித் தள்ளும்போதெல்லாம் அரங்கமே கைதட்டும். அப்பா மட்டும் உச்சுக்கொட்டுவார்.

"முட்டை போச்சு."

சமையலறையிலிருந்து அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார்: "போனா போவுதுலா."