கீறல் விழுந்த எங்கள் பாட்டு

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே ஒரு பாட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அதை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மைக் செட் கடை இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுக்காரர்கள் போய், வேண்டிய இசைத்தட்டுகளைப் பொறுக்கித் தனியே எடுத்து வைத்துவிட்டு வருவது வழக்கம். என் அக்காவின் கல்யாணத்துக்கு அந்த வேலை எனக்கு வந்தது. அக்கா ஒன்றுதான் கேட்டிருந்தாள். அவள் மணவறைக்கு வரும்போது, நாங்கள் இருவரும் துணி துவைக்கும்போதெல்லாம் பாடும் பாட்டு ஒலிக்க வேண்டும். புடவையை அப்பா எடுத்தார், மாப்பிள்ளையை மாமா பார்த்தார். அந்தக் கல்யாணத்தில் அவளாகத் தேர்ந்தது இது மட்டும்தான்.

தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது முழுக்கைச் சட்டையும் பையில் பேனாவுமாக, முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து அதே பாட்டைக் கேட்டார். குரோம்பேட்டையில் அவருடைய நண்பருக்கும் மறுநாள்தான் கல்யாணமாம். கடையில் இருந்ததோ ஒரே தட்டு.

நான் விடவில்லை. அவர் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இசையமைத்தவர் யார்? சொன்னேன். அதுதான் தட்டிலேயே அச்சடித்திருக்கிறதே என்றார். படம் பார்த்திருக்கிறேனா? இல்லை. வீட்டில் ரேடியோ உண்டா? இல்லை. அண்ணன் வாங்கி வரச் சொன்னானா என்றார். எனக்கு அண்ணனே கிடையாது. அந்தக் கடைக்கு வந்த ஆண்கள் யாரையும் எவரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“சரிம்மா, ரெண்டாவது சரணம் பாடு, பாப்போம். கரெக்டா பாடிட்டா நான் போயிடறேன்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு மெல்லப் பாடினேன். மூன்றாவது வரியில் அவர் சிரித்துவிட்டார்.

“நடுவுல பாதி லைனைக் காணோமே. இதுக்குத்தான் இவ்வளவு அடமா?”

நான் எதையும் விடவில்லை. அது எனக்கு நிச்சயம். கடைக்காரர்தான் தலையைச் சொறிந்தார்.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். பிளேட்டுல கீறல் கீது. முள்ளு அங்க குதிச்சுடும். இந்தத் தெருவுல கொயந்திங்க கூட அப்பிடித்தான் பாடும்.”

முகம் எரிந்தது. கோயில் திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றிலும் எங்களுக்குக் கேட்டது இந்த ஒரு தட்டுதான். இத்தனை வருடமும் பாதி வரி இல்லாத பாட்டை முழுப் பாட்டு என்று நம்பியிருக்கிறோம். தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது?

“உங்களுக்கு முழுப் பாட்டுதானே சார் வேணும்? அது இதுல இல்ல. எங்களுக்கு இந்தப் பாட்டுதான் வேணும்,” என்றேன். “நான் பரீட்சை எழுத வரல. தட்டு எடுக்க வந்தேன்.”

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைக்காரர் தட்டை என்னிடமிருந்து வாங்கி, உறையின் மேல் எங்கள் வீட்டு நம்பரைப் பென்சிலால் எழுதினார். அந்த மனிதர் பல்லாவரத்தில் வேறு கடை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போனார்.

பிற்பாடு எங்கள் வீட்டுக்கும் ரேடியோ வந்தது. முழுப் பாட்டையும் பலமுறை கேட்டேன். விட்டுப்போன அந்தப் பாதி வரி நல்ல வரிதான். ஆனாலும் இன்றைக்கும் அதைச் சேர்த்துக்கொள்ளாமல்தான் பாடுகிறேன். யாராவது திருத்த வந்தால் நிறுத்துவதும் இல்லை.

தட்டு எடுத்த மறுநாள் காலை ஏழரை மணிக்கு அக்கா மணவறைக்கு வந்தாள். தட்டு அதே இடத்தில் குதித்தது.