செம்பருந்துக்கு வீசிய நெத்திலி

இன்று காலை ஊரூர் குப்பத்தில் அம்மா வீட்டு மாடியில் நின்றிருந்தேன். எதிர்த் தென்னையிலிருந்து செம்பருந்துக் குஞ்சு ஒன்று கீச்சென்று கத்தியதும், எங்கிருந்தோ அந்தப் பழைய டி.டி.டி. பூச்சிமருந்துப் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது.

என் ஏழு வயதில் அதுதான் எங்கள் வீட்டு வாசனை. காயும் நெத்திலிமேல் ஈ மொய்க்கக் கூடாதென்று அம்மா அந்தப் பவுடரைத் துணியில் முடிந்து, குளிப்பாட்டிய குழந்தைக்குப் போடுவதுபோல ஆசையாகத் தட்டுவாள். கழுவினால் போய்விடும் என்று நம்பினோம்.

காவல் நான்தான். ஆனால் செம்பருந்து வட்டமடித்தால் நானே ஒரு மீனைத் தூக்கி வீசுவேன். அது அந்தரத்திலேயே கவ்வும்போது குதித்துக் கைதட்டுவேன்.

"மீனு இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தாடி?" என்று அம்மா துரத்துவாள்.

அந்த வருடங்களில் தென்னையில் குஞ்சே பொரிக்கவில்லை. மரமேறிய மாமா, "முட்டை அப்பளமா நொறுங்கிக் கீது" என்றார். நாங்கள் காக்கையைத் திட்டினோம்.

அந்தப் பவுடர் மீன் வழியாகப் பறவையின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கும் என்று கல்லூரியில் படித்த அன்று, வீசிய மீன்களை எண்ணி அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா அழவில்லை. மறுநாளே பவுடரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வலை வாங்கிக் கருவாட்டை மூடினாள்.

இன்றும் மாடியில் அதே வலைதான். தாய்ப் பருந்து தலைக்குமேல் வட்டமடித்தது. அம்மா வலையைத் தூக்கி, பெரிய மீனாகப் பார்த்து எடுத்தாள்.

"குஞ்சு கத்திக்கினே கீது பாரு. வீசுடி!"

வீசினேன். அது கவ்வியது. என்னை முந்திக்கொண்டு அம்மா கைதட்டினாள்.