வெள்ளிக்கிழமைச் சிவப்பு

எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு முதல் கொம்பியூட்டர் வந்து இறங்கிய அன்று, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தது நான்தான். அந்தப் பெட்டியின் மேல் எனக்கிருந்த மரியாதை அந்தத் தேங்காயோடு தீர்ந்துபோனது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். றக்வானைக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் அனுப்புகைக் கிளாக்கர். தேயிலையைக் கடதாசி மூட்டைகளில் கட்டி, ஒவ்வொரு தொகுதிக்கும் நம்பர் போட்டு, கொழும்பில் ஏலத்துக்குச் சேர்த்து வைக்கிற ஸ்டோருக்குச் செவ்வாயும் வெள்ளியும் லொறியில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. என் அனுப்புச் சீட்டு இல்லாமல் லொறி கேட்டைத் தாண்டாது. எந்த நம்பர் எந்தத் தேதி போனது என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

கொம்பியூட்டருக்கு ஆள் தேடியபோது வந்தவள் எங்கள் கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் லயத்துப் பெண். அவளுடைய அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மகள் இரத்தினபுரிக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்து, அங்கே ஒரு கடையில் சில வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, இருபத்தாறு வயதில் எங்கள் ஒபிசுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தாள். சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். “என்னம்மா, உன் பெட்டி இன்னைக்காவது பேசுச்சா?” என்று காலையில் அவளைச் சீண்டாவிட்டால் எனக்கு டீ இறங்காது. அவள் சிரித்துக்கொண்டே, “இன்னும் இல்லீங்க ஐயா, ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு” என்பாள்.

அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் ஒரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஸ்டோர் மூடுவதற்குள் இறங்கிய தேயிலைதான் அடுத்த ஏலப் பட்டியலில் ஏறும். பிந்தினால் ஒரு வாரம் அப்படியே கிடக்கும். பழசாகிப்போன தேயிலையை வாங்குகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் தேயிலை அடிக்கடி பிந்தியது. பழைய தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்த தொரை சின்ன வயதுச் சிங்களவர், விடுகிற ஆள் இல்லை.

பழி முழுக்க லொறி ட்ரைவர் தலையில் விழுந்தது. அவர் றக்வானை பஜாரைச் சேர்ந்த சிங்களவர். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். இரத்தினபுரி வழியாகப் போகிற லொறி ஆயிற்றே, வழியில் நிறுத்திவிட்டு மாணிக்கக் கல் வியாபாரம் பார்க்கிறார் என்று ஒரு கதை கிளம்பி, தொழிற்சாலை முழுக்கப் பரவியிருந்தது. அதைக் கேட்டு நானும் தலையாட்டிச் சிரித்திருக்கிறேன். மாதம் முடிந்ததும் லொறியை விற்றுவிட்டு, கொழும்புக் கம்பனி ஒன்றிடம் ஓட்டத்தைக் கொடுத்துவிடத் தொரை முடிவு செய்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, இடது காலை இழுத்து நடக்கிற மனிதருக்கு வேறு யார் லொறியை நம்பிக் கொடுப்பார்கள்? அவர் வீட்டில் அவர் ஒருவர்தான் உழைப்பாளி.

தலைமை ஒபிசுக்குக் காட்ட மூன்று மாதத்து விபரம் வேண்டும் என்று தொரை அந்தப் பெண்ணிடம் சொன்னார். ட்ரைவரை அனுப்புவதற்கான சாட்சியைத் தயார் செய் என்பதுதான் அதன் அர்த்தம்.

கொழும்பிலிருந்து ஆயத்தப் படிவம் ஒன்று வந்திருந்தது. அனுப்பிய தேதி, சேர்ந்த தேதி, அவ்வளவுதான் அதில். நிரப்பி அனுப்பியிருந்தால் அரை நாள் வேலை. அவள் அதை மூடி வைத்துவிட்டு எழுந்து நடக்கத் தொடங்கினாள். அப்போதிருந்துதான் நான் அவளைக் கவனித்தேன். சலிக்கிற அறையில் தேயிலைத் தூசுக்குள் ஒரு நாள் முழுக்க நின்று, மூட்டை எப்போது நிறைகிறது, எப்போது தராசுக்கு வருகிறது என்று குறித்தாள். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் எத்தனை மணிக்குக் கையெழுத்து வைக்கிறார் என்று அவரிடமே கேட்டாள். அந்த மனிதரிடம் அப்படிக் கேட்க எனக்கே தைரியம் வந்ததில்லை. கேட் வாச்சர் சிங்களத்தில் கிறுக்கி வைத்திருந்த கொப்பியை வாங்கி, லொறி வெளியே போன நேரங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். அந்தக் கொப்பியை அதுவரை எவரும் திறந்து பார்த்ததில்லை. ஸ்டோர் கிளாக்கரோடு டெலிபோனில் அவள் பேசிய சிங்களத்தில் மயங்கி, அந்த ஆள் மூன்று மாதத்து வரவுப் பக்கங்களை ஃபெக்ஸில் அனுப்பிவைத்தார்.

என்னிடமும் வந்தாள். “ஐயா, மூட்டை நெறஞ்சதுல இருந்து ஏலத்துக்குப் போற வரைக்கும் ஒன்னு விடாம சொல்லுங்க” என்றாள். சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். என் புத்தகத்தில் தேதி மட்டுமே இருப்பதையும், மணி எங்குமே இல்லாததையும் அவள் சொல்லித்தான் நான் கவனித்தேன்.

மூன்று வாரத்தில் அது திரையில் உருவானது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி. நிறைந்தது, தராசில் நிறுத்தது, கேட்டைத் தாண்டியது, ஸ்டோரில் இறங்கியது, பட்டியலில் ஏறியது என்று வரிசையாகக் கட்டங்கள். நேரத்துக்கு நடந்தால் பச்சை, இழுபட்டால் மஞ்சள், தவறினால் சிவப்பு. மேலே இன்றைக்கு எத்தனை மூட்டை எங்கே நிற்கிறது என்ற எண்ணிக்கை. பக்கத்தில் கிழமைவாரியாக உயர்ந்து தாழ்கிற பட்டைகள். இதற்கு டேஷ்போர்ட் என்று பெயர் என்றாள். எனக்குத் தெரிந்த டேஷ்போர்ட் லொறியில் கதிர்காமக் கந்தன் படம் ஒட்டியிருக்கிற இடம்தான். ஆனால் அன்று சீண்டத் தோன்றவில்லை. பதினாறு வருஷம் நான் மண்டைக்குள் சுமந்த வேலை, யார் வந்து பார்த்தாலும் புரிகிற மாதிரி அங்கே நின்றது. எனக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

தொரைக்குக் காட்டுவதற்கு முதல் நாள் பிற்பகல் என்னைக் கூப்பிட்டாள்.

“ஐயா, செவ்வாக்கெழம லொறி பூரா பச்சைங்க. வெள்ளிக்கெழம பூரா செவப்பு. அதே ட்ரைவரு, அதே லொறி, அதே ரோட்டுங்க. கல்லு பாக்குற ஆளு செவ்வாக்கெழமயும் பாத்திருப்பாரு தானேங்க?”

அவள் மேசையில் கிடந்த ஃபெக்ஸ் பக்கங்களை நான் அடுக்கத் தொடங்கினேன்.

“வெள்ளிக்கெழம ஏத்தி முடிச்சி, டீமேக்கர் சைன் வைக்கிறது பத்தே முக்காலுங்க. அப்பவே போனா ஸ்டோர் மூட முந்திப் போயிரலாம். ஆனா கேட்டத் தாண்டுறப்ப பன்னெண்டு தாண்டிருது. நடுவுல அந்த நேரம் எங்க போவுதுன்னுதான் புரியலீங்க.”

அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. என் மேசையின் இழுப்பு லாச்சியை அவள் ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தாள்.

அதற்கு ஐந்து வருஷம் முந்தி, அடைமழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, பத்தே முக்காலுக்கு நான் சீட்டுக் கொடுத்து அனுப்பிய லொறி இரண்டாவது வளைவில் சறுக்கித் தேயிலை மலைக்குள் புரண்டது. ட்ரைவரின் கால் முறிந்தது அன்றுதான். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலத்தில் அனுப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டிவிட்டால் அனுப்புச் சீட்டை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, கூட்டல் சரிபார்க்கிறவன் மாதிரி நடிப்பேன். பன்னிரண்டு அடித்ததும் ஒரு புள்ளியும் மாற்றாமல் எடுத்துக் கொடுப்பேன். ஒன்றேகால் மணித்தியாலத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். ஸ்டோர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ட்ரைவர் சனிக்கிழமைதான் திரும்புவார். கொழும்பில் சுற்றிவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம் எனக்கும் வந்தது. “நேத்து வந்தவ நீ, என்னையவே கேள்வி கேக்குறியா?” என்று கத்தினேன். அவள் குரல் உயரவில்லை.

“கேள்வி கேக்கலீங்க ஐயா. காரணம்னு ஒரு கட்டம் வச்சிருக்கேன். எனக்குத் தெரியாதத நான் எழுத மாட்டேன். அது வெறுசா இருந்தா, தொரை அதுல ட்ரைவர் பேரத்தான் எழுதுவாரு.”

கோபம் இறங்கிய பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அந்தச் செவப்ப மஞ்சளா மாத்திட்டா என்ன?”

“மாத்தலாங்க, ஒரு நிமிசம் ஆகாது. அப்பறம் இத யாருங்க நம்புவா? நானே நம்ப மாட்டேனே.”

அந்தப் பதிலுக்காக அவளை நான் இன்றுவரை கும்பிடுகிறேன். அன்றைக்குக் கும்பிடவில்லை, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக அந்தப் பெட்டியைத் தொட்டேன். அதில் தமிழ் எழுத்துக் கிடையாது. அனுப்புகைக் கிளாக்கர் சீட்டைப் பிடித்து வைத்தார் என்று இங்கிலீசில், ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். ஒரு தடவை அடித்தால் போதும், கீழே வரைக்கும் இழுத்துவிடலாம் என்றாள். வேண்டாம் என்று பதின்மூன்று வெள்ளிக்கிழமைக்கும் தனித்தனியாக அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.

தொரை திரையை நெடுநேரம் பார்த்தார். இந்தக் காரணத்தை எழுதியது யார் என்றார். நான்தான் சார் என்றேன். ஏன் என்றார். ராகு காலம் என்று சொல்ல நாக்குக் கூசியது. சொன்னேன், விபத்தையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. ராகு காலம் பார்க்காத வீடு சிங்களவர் பக்கத்திலும் இல்லை. ஆனாலும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தருவேன் என்றார், அது நியாயம்தான். லொறியை விற்கிற பேச்சைக் கைவிட்டார்.

அப்போது அவள் மெதுவாகச் சொன்னாள். “சார், வியாழக்கெழம பின்னேரமே மூட்டைய நிறுத்து சைன் வாங்கிட்டா, வெள்ளி ஒம்பது மணிக்கே லொறி போயிரும். லேட்டும் இல்ல, ஐயாவுக்குப் பயமும் இல்ல.”

ஐந்து வருஷம் லாச்சியைப் பூட்டித் திறந்த எனக்கு இது தோன்றவில்லை. என் பயத்தை அவள் கேலி செய்யவும் இல்லை. அதையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கிக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய படிப்பை மதித்ததைவிட இதற்காகத்தான் அவளை அதிகம் மதித்தேன்.

அடுத்த வெள்ளி, ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, சீட்டை எடுத்துக்கொண்டு நானே லொறியடிக்குப் போனேன். ட்ரைவர் ஏறி உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்குத் தெரியும் மாத்தயா” என்றார் அவர். ஐயா என்பதை அவர் சிங்களத்தில்தான் சொல்வார்.

“என்ன தெரியும்?”

“சீட்டு லாச்சிக்குள்ள இருக்குறது. மொத வெள்ளிக்கெழமயே தெரியும்.”

“அப்ப தொரைகிட்ட சொல்லியிருக்கலாமே! ஒங்க வேலையே போகப் பாத்துச்சே!”

அவர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “ஆஸ்பத்திரியில என் காலப் புடிச்சிக்கிட்டு மாத்தயா அழுதீங்க. எங்க வீட்டு ஆளுங்களே அப்பிடி அழல. என் உசுருக்குப் பயந்துதானே சீட்ட ஒளிச்சி வச்சீங்க? அதப் போயி நான் எப்பிடித் தொரைகிட்டச் சொல்றது? கொழும்புல ஸ்டோர் வாசல்ல லொறிக்குள்ள ஒரு ராத்திரி படுக்குறது பெரிய கஸ்டமா?”

வாராவாரம் ஒரு ராத்திரி, ஐந்து வருஷம்.

“கேட்டத் தொறக்கச் சொல்லுங்க மாத்தயா, நேரமாகுது” என்றார்.

வாச்சரைக் கூப்பிடாமல், நானே போய்க் கேட்டைத் திறந்தேன்.