தாராபுரம் சாலையில் ஒரு பாறைக்குழி: பதினொரு நாள் கணக்கு

தாராபுரம் பக்கத்துப் பழைய பாறைக்குழிகளைப் பார்க்கப் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். நான் முதலில் போனது 1962 மாசியில். அமராவதிப் பாசனம் பற்றி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. குழியைப் பார்க்கும் எண்ணமே எனக்கில்லை.

காலை 6.20-க்குக் கோவையில் பஸ் ஏறினேன். தாராபுரத்துக்கு ஐம்பது மைல், டிக்கெட் ஒன்றரை ரூபாய். பல்லடத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். மடியில் கட்டுக் காகிதம். ஒரு பாறைக்குழியின் கதையை முடிக்கப் போவதாகச் சொன்னார்.

வீடுகளுக்கு முந்நூறு கஜத்துக்குள் கல் உடைக்கக் கூடாதென்று அங்கே உத்தரவாகியிருந்தது. அதற்கு முன்பே இருந்த குழிகள் தொடர்ந்து நடக்கலாம். ஆனால் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு மாதம் கல் எடுக்காமல் கிடந்தால் அந்தச் சலுகை போய்விடும், பிறகு எவருக்கும் அனுமதி கிடையாது. இந்தக் குழிக்கு மறுநாளோடு பன்னிரண்டு மாதம். பதினான்கு குடும்பங்களுக்குப் பிழைப்பு அதுதான் என்பதையும் அவரே சொன்னார். பாசனம் எங்கும் ஓடிவிடாது என்று நானும் அவரோடு இறங்கிக்கொண்டேன்.

தாராபுரத்துக்கு ஐந்து மைல் முன்னால் இறங்கினோம். "அங்க பாறையத் தவுத்து என்னங்க இருக்குது பாக்கறக்கு?" என்றார் கண்டக்டர். ஒன்றரை மைல் நடந்தோம். பத்து மணிக்குக் குழியின் விளிம்பில் நின்றோம். தரையில் கோயில் ஒன்றைத் தலைகீழாகப் புதைத்து எடுத்த அச்சுப் போல, எண்பது அடி ஆழத்துக்குப் படிப்படியாக இறங்கும் கருங்கல். அடியில் பச்சைத் தண்ணீர். கிணற்றுக்குப் போடும் ஆயில் இன்ஜின் ஒன்று அதை இறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பாறைத் தட்டில் நான்கு பேர், கல்லைப் பிளக்கும் இரும்பு ஆப்புகளை இறக்க, வரிசையாகத் துளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி கருப்பண்ணன் மேலே வந்தார். போன மாசியில் அவருடைய தம்பி இந்தக் குழியில் விழுந்து இறந்திருக்கிறார். ஆள் இறந்த பாறையில் வருஷத் திதி கழியும்வரை இரும்பு படக்கூடாது என்பது கல்லுடைக்கிறவர்கள் வழக்கம். அதனால்தான் குழி சும்மா கிடந்திருக்கிறது.

"மாசத்துக்கு ஒரு கல்லாச்சும் எடுத்திருக்கலாமே, மேஸ்திரி," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபமில்லை.

"அவன் ரத்தங் காயாத பாறைங்க. எப்புடீங்க உளி வெக்கறது?"

திதி சந்திரன் கணக்கில் வருவது. அந்த வருஷம் அது ஆங்கிலத் தேதிக்குப் பதினொரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அந்தப் பதினொரு நாள்தான் அவர்களுக்கு மிச்சம். பத்து நாள் தண்ணீர் இறைக்கவே போய்விட்டது. இறைப்பதும் வேலைதானே என்று மேஸ்திரி கேட்டார். கல் வெளியே வந்தால்தான் வேலை, அதையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குத் திரும்ப 4.10-க்கு பஸ்.

இறந்தவரின் மனைவி மாராத்தாள் எங்களுக்கு மோர் கொடுத்தார். குத்தகை இப்போது அவர் பெயரில். "மூடறதுன்னா மூடிப்போட்டுப் போங்க சாமி. மோரக் குடிச்சுப்போட்டு மூடுங்க," என்றார். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் குடித்தார்.

இரண்டரை மணிக்கு இருபத்து மூன்று ஆப்புகளையும் இறக்கினார்கள். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரே கோடு. கருப்பண்ணன் சம்மட்டியால் ஒவ்வோர் ஆப்பாகத் தட்டிக்கொண்டே போய், மறுபடி முதலிலிருந்து வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஓசை கூர்மையானது. 3.20-க்குச் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்ஜினையும் நிறுத்தச் சொன்னார். கல் அசையவில்லை.

முடியவில்லையா என்று கேட்டேன்.

"இனி நாம அடிக்கப்படாதுங்க. அதுவே பாத்துக்கும்."

எல்லோரும் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மாராத்தாள் பாறையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றார். பதினேழு நிமிடம். பிறகு புதுத்துணி கிழிவது போல ஓர் ஓசை, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். பன்னிரண்டு அடிக் கல் பிரிந்து சாய்ந்தது. உள்முகம் வெளுப்பாக, சர்க்கரை போல மினுங்கியது. உலகம் தோன்றிய நாளிலிருந்து வெளிச்சமே படாத முகம். இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி அதைத் தொட்டார். நானும் தொட்டேன். அதன் பிறகு எத்தனையோ மலைகளையும் அணைகளையும் பார்த்திருக்கிறேன். அதுபோல ஒன்றைத் தொட்டதில்லை.

அவர் முழங்காலில் காகிதத்தை வைத்து 'குழி நடப்பில் உள்ளது' என்று எழுதினார். 4.10 பஸ் போய்விட்டது. அடுத்தது 6.45.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனி நல்லது, ஐப்பசியில் படிகள் பாசியேறி வழுக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், குழித் தண்ணீரில் இறங்காதீர்கள். சம்மட்டிச் சத்தம் கேட்காவிட்டால் கைவிடப்பட்ட குழி என்று நினைத்து இறங்கிவிட வேண்டாம். முதலில் ஊருக்குள் போய், யார் இறந்தது என்று கேளுங்கள்.