குருவித் தட்டுக்கு ஒரு வாசக்கால்

முதலியார்பேட்டையில் ஒரு தச்சரைப் பார்த்தேன். காதில் பென்சில், சட்டைப் பையில் பஞ்சாங்கம். குருவிக்குத் தீனி வைக்கும் பெட்டியின் படத்தை நீட்டினேன். தட்டு ஒன்று, கால் நான்கு, கூரை ஒன்று, ஆணி பன்னிரண்டு. அறுத்துத் தந்தால் வீட்டில் நானே பொருத்திக்கொள்வேன் என்றேன்.

"வாசல் எந்தப் பக்கம்மா?"

"வாசலே இல்லண்ணே. நாலு பக்கமும் தொறந்திருக்கும்."

"வாசக்கால் இல்லாத வூட்டுக்கு நான் உளி எடுக்கறதில்ல."

பெட்டியை மாட்டி ஒரு வாரத்தில் குருவி வராவிட்டால், அதே பால்கனிக் கொக்கியில் துணிக்கொடி கட்டிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார். வேறு தச்சரைத் தேட நேரமில்லாததால் வாசக்காலுக்கு ஒப்புக்கொண்டேன். தச்சர் நல்ல நேரம் பார்த்து ஒரு சாண் உயரத்தில் வாசக்கால் செய்து, மஞ்சள் பூசி, நவதானியத்தைத் துணியில் முடிந்து அதன் தலையில் கட்டினார். கிழக்குப் பார்த்து மாட்டச் சொன்னார்.

தட்டில் நான் வைத்த தினையை ஆறு நாள் எந்தக் குருவியும் தொடவில்லை. ஏழாம் நாள் இரண்டு வந்து, வாசக்காலில் தொங்கிய முடிச்சைக் கிழித்துத் தின்றன. அம்மா துணிக்கொடியைச் சுருட்டி வைத்தார்.

தச்சரிடம் சொல்லப் போனபோது அவர் வியக்கவில்லை. இழைப்பதை நிறுத்திவிட்டுக் கவலையோடு கேட்டார்.

"பால் காச்சினியாம்மா?"

என் பட்டியலில் அது இல்லை. வீட்டுக்கு வந்து கால் லிட்டர் காய்ச்சினேன். பொங்கி வழியும்வரை ஏன் காத்து நின்றேன் என்று இன்னும் தெரியவில்லை.