எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை

"இவ்வளவு பழைய கம்ப்யூட்டர்ல போலிஷ் மொழியா? உன்னால முடியாதுலா. இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு மறுபடியும் கவுண்டருக்கே போயிடு," என்றார் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடை முதலாளி. கவுண்டரிலிருந்து பழுதுபார்க்கும் மேசைக்கு நான் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் இங்கேயே குடியிருக்கும் ஒரு போலந்துப் பெண்மணி. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மாவுக்குப் போலிஷ் மட்டுமே தெரியும். அந்த அம்மாவின் தையல் மென்பொருள் இந்தப் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும்.

போலிஷ் மொழித் தொகுப்பை ஏற்றினேன். பாதியில் போலிஷில் ஒரு கேள்வி வந்தது, கீழே மூன்று பொத்தான்கள். மினுங்கும் திரையைப் படம் பிடித்தால் கைப்பேசி மொழிபெயர்ப்பு உளறியது. யூகித்து அழுத்தினேன், எல்லாம் பழையபடி ஆங்கிலத்துக்கே திரும்பியது. இரண்டாம் முறையும் அப்படியே.

அந்தப் பெண்மணி நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பது கிளினிக்கிலும் பேங்கிலும் என் அம்மா கேட்கும் வரி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். அந்த வரி என் வாயில் வரவே கூடாது என்று இருந்தேன்.

மூன்றாம் முறையும் கேள்வி வந்தது. எழுந்து போனேன். "மேடம், எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை. படித்துச் சொல்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நடுப் பொத்தான். முன்னாடியே கேட்டிருக்கலாமேலா!" என்று நம் மலேசியப் பேச்சின் 'லா'வோடு சிரித்தார்.

திரை போலிஷில் விரிந்தது.

என்னைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தையும் என் அம்மா யாரிடமோ அந்த வரியைச் சொல்லித்தான் நிரப்பினார்.

நான் கவுண்டருக்குத் திரும்பவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் இப்போது வாடிக்கையாளருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.